முதல் ஃபிளாட், கையில் 13 லட்சம்: அம்பத்தூர் பழையதா, மாதவரம் புதியதா?

கொரட்டூர்வாசி

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறோம். எதற்கு முன்பணம் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

ஒன்று அம்பத்தூரில், 1998-ல் கட்டியது. தரைத்தளமும் மூன்று மாடியும், தளத்துக்கு ரெண்டாக எட்டு வீடு. லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடி, சூப்பர் பில்ட்-அப் (பொதுப்பகுதியில் உள்ள பங்கும் சேர்ந்த அளவு) 780 சதுர அடி, யுடிஎஸ் (மனையில் நமக்கு வரும் பிரிக்கப்படாத நிலப்பங்கு) 450 சதுர அடி. விலை 38 லட்சம் சொல்கிறார்கள்.

இன்னொன்று மாதவரம் பக்கம் கட்டிக்கொண்டிருப்பது. 36 வீடு, ரெரா எண் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு) இருக்கிறது, மூன்றாவது ஸ்லாப் (கான்கிரீட் தளம்) முடிந்திருக்கிறது. சூப்பர் பில்ட்-அப் 890, கார்ப்பெட் (வீட்டுக்குள் புழங்கும் பரப்பு) 610, யுடிஎஸ் 310. விலை 43.5 லட்சம், கார் பார்க்கிங் தனியாக 2.5 லட்சம்.

சேமிப்பு 13 லட்சம். ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்து கைக்கு 78,000 வருகிறது. இப்போது வாடகை 14,000. எது சரிப்படும்? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

இஎம்ஐ_கணக்கு

விலையை ஓரமாக வைத்துவிட்டு, பதிவு நாள் வரை கையிலிருந்து எவ்வளவு போகும் என்று முதலில் பாருங்க. உங்களுக்கு அதுதான் தீர்மானிக்கப் போகிறது.

அம்பத்தூர் வீடு மறுவிற்பனை. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. அரசு வைத்த வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதன் மீது. 38 லட்சத்துக்கு 3,42,000 ரூபாய். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி வரம்பு. அதனால் அதிகபட்சம் 30.4 லட்சம். மீதி 7.6 லட்சம் உங்களுடையது. பத்திரச் செலவை இந்த விலையில் உள்ள வீட்டுக்கு வங்கி மதிப்பில் சேர்க்காது. ரெண்டும் சேர்ந்து 11.02 லட்சம். புரோக்கருக்கு ஒரு சதவீதம் என்றால் 38,000. வக்கீல், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், அடமான ஆவணப் பதிவு எல்லாம் போக 12 லட்சத்தைத் தொட்டுவிடும். பழைய வீட்டுக்குள் போகும் முன் செய்கிற வேலைக்கு ரெண்டு லட்சமாவது ஒதுக்க வேண்டும். அப்போதே 13-ஐத் தாண்டிவிட்டீர்கள்.

இன்னொன்று, வங்கி மதிப்பீட்டாளர் 35 லட்சம் என்று எழுதினால், 80 சதவீதமே தரும் வங்கி அந்த 35-க்குத்தான் கணக்கிடும். பழைய கட்டடத்தில் இது அடிக்கடி நடக்கும். முன்பணம் கொடுத்தபிறகு இது தெரிய வந்தால் ரெண்டு லட்சத்துக்கு மேல் பள்ளம் விழும்.

மாதவரத்துக்கு வருவோம். 2023 டிசம்பர் முதல், கட்டுநரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கும் அடுக்ககத்தை நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சேர்ந்த கூட்டு மதிப்பில் ஒரே பத்திரமாகப் பதிகிறார்கள். 50 லட்சம் வரை முத்திரை 4, பதிவு 2, மொத்தம் 6 சதவீதம். பழைய வீட்டைவிட இதில் நன்மை.

ஆனால் ஜிஎஸ்டி கவனம். நிறைவுச் சான்று வாங்காத கட்டடம் என்பதால் ஜிஎஸ்டி உண்டு. சென்னை போன்ற பெருநகரில் கார்ப்பெட் 60 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 646 சதுர அடிக்குள் இருந்து, மொத்த விலையும் 45 லட்சத்துக்குள் இருந்தால் 1 சதவீதம். ஒன்று தாண்டினாலும் 5 சதவீதம். இந்த 45 லட்சத்தில் கார் பார்க்கிங், மேம்பாட்டுக் கட்டணம், மூலை வீட்டுக்கான கூடுதல் தொகை எல்லாம் அடக்கம். உங்கள் கார்ப்பெட் 610, தப்பித்தது. விலை 43.5 கூட்டல் 2.5, ஆக 46 லட்சம். அங்கேதான் சிக்கல்.

46 லட்சம் என்றால் ஜிஎஸ்டி 2.30, பதிவு 2.76, மொத்தம் 51.06 லட்சம். பார்க்கிங்கும் சேர்த்து 45 லட்சத்துக்குப் பேசி முடித்தால் ஜிஎஸ்டி 45,000, பதிவு 2.70, மொத்தம் 48.15 லட்சம். விலையில் ஒரு லட்சம் குறைந்தால் உங்களுக்கு மிச்சம் 2.91 லட்சம். கட்டுநரிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டியே பேசலாம். அவருக்கு நஷ்டம் ஒரு லட்சம்தான்.

அந்த விலையில் 80 சதவீதக் கடன் 36 லட்சம். கையிலிருந்து 9 + 0.45 + 2.70 = 12.15 லட்சம். 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்று வைத்தால் லட்சத்துக்கு 868 ரூபாய் தவணை, 36 லட்சத்துக்கு சுமார் 31,250. இன்றைக்கு வட்டி இதைவிடக் குறைவாகக் கிடைத்தாலும் 8.5 வைத்தே கணக்குப் போடுங்க. ரெப்போவோடு (ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதம்) இணைந்த கடன், ஏறும் இறங்கும்.

கம்பிகட்டி

இஎம்ஐ_கணக்கு சார் சொன்ன ரெண்டு லட்சம் ஒதுக்கீடு, கம்பி நல்லா இருந்தால் மட்டும்தான் போதும். 1998 கட்டடம் என்றால் முதலில் கம்பியைப் பார்க்கணும். டைல்ஸும் பெயின்டும் விற்பனைக்காகப் போன மாசம் போட்டதாக இருக்கலாம். அதைப் பார்த்து எதுவும் தெரியாது.

தரைத்தளத்திலிருந்து தொடங்குங்க. தூண்களின் அடியில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்துக்குள் நெடுக்காக வெடிப்பு ஓடுகிறதா பாருங்க. நெடுக்கு வெடிப்பு என்றால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். பூச்சில் வரும் சிலந்திவலை மாதிரியான மயிர்க்கோட்டு வெடிப்பு வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம். சின்ன சுத்தியலால் தட்டினால் நல்ல கான்கிரீட் கணீர் என்று ஒலிக்கும், உள்ளே விட்டுப்போனது பொத்தென்று ஒலிக்கும்.

அடுத்து உங்கள் வீட்டுக்குக் கீழே, முதல் மாடி வீட்டுக் கழிவறைக் கூரை. அந்தக் காலக் கட்டடங்களில் கழிவறைத் தளத்தை இறக்கிப் போட்டு, அந்தப் பள்ளத்தில் செங்கல் ஜல்லி நிரப்பி மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். பைப் இணைப்பு கசிந்தால் தண்ணீர் அந்த ஜல்லிக்குள்ளேயே தேங்கி, கீழ் வீட்டுக் கூரையில் கம்பியை அரிக்கும். கசிவு உங்களுடையது, சேதம் அவருடையது, சண்டை இருவருக்கும். வாங்கும் முன் கீழ் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு அண்ணாந்து ஒரு தடவை பாருங்க. அதேபோல் உங்கள் கழிவறைக் கூரை, மேல் வீட்டின் கதையைச் சொல்லும்.

பால்கனியும் சன்ஷேடும் ஒருபக்கம் மட்டும் பிடித்துத் தொங்குபவை. இவற்றில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கும். மேலே சுவரோடு சேரும் இடத்தில் வெடிப்பு இருந்தால் அது அவசரம்.

சந்தேகம் இருந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்து ரெண்டு சோதனை செய்யச் சொல்லுங்க. ரீபவுண்டு ஹேமர் மேற்பரப்பின் கடினத்தைச் சொல்லும். அது மட்டும் போதாது. சின்னதாகத் துளையிட்டு, புதிதாக உடைத்த கான்கிரீட்டில் பினாப்தலீன் தெளிக்கச் சொல்லுங்க. இளஞ்சிவப்பாக மாறினால் கான்கிரீட்டின் காரத்தன்மை இருக்கிறது, கம்பிக்குக் காவல் இருக்கிறது. நிறமே மாறாமல் இருக்கும் பகுதி எவ்வளவு ஆழம் என்று அளக்கணும். அந்த ஆழம் கம்பி வரை போயிருந்தால் துருவைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. உப்பு போர் தண்ணீரில் கலவை போட்டுக் கியூரிங்கும் செய்த கட்டடங்களில் நிறம் நன்றாக வந்தாலும் உப்பில் உள்ள குளோரைடு தனியாகக் கம்பியை அரிக்கும். அதற்குத் தூளை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பணும்.

வயரிங்: டிபி பெட்டியை, அதாவது மின் லைன்கள் பிரியும் பெட்டியைத் திறந்து எர்த் கம்பி எல்லா பாயின்டுக்கும் வருகிறதா, மின்கசிவில் தானே துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இருக்கிறதா பாருங்க. ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் கம்பி தனி லைனாக வேண்டும். பழைய வீட்டில் பெரும்பாலும் 1.5-லேயே எல்லாம் ஓடும். இரும்பு ஜிஐ பைப் இருந்தால் குழாயைத் திறந்ததும் முதலில் வரும் தண்ணீரின் நிறமே போதும், மாற்றித்தான் ஆகணும்.

மூலப்பத்திரம்

கம்பி நன்றாக இருந்து காகிதம் சரியில்லை என்றாலும் வீடு உங்களுடையது ஆகாது. அம்பத்தூர் வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை:

1998-ல் நிலம் யாரிடமிருந்து கட்டுநருக்கு வந்தது என்ற மூலப்பத்திரம். நில உரிமையாளர் பவர் (தன் சார்பில் விற்கும் அதிகாரம்) கொடுத்துக் கட்டுநர் விற்றிருந்தால் அந்தப் பவர் பத்திரம், அது விற்பனை நாளில் உயிரோடு இருந்ததா என்பது. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் பொதுவாக முடிந்துவிடும். அதற்குப் பிறகு பவர் வைத்திருந்தவர் எழுதிய பத்திரம் கேள்விக்குரியது. இடையில் யாராவது இறந்து வாரிசுகளுக்கு வந்திருந்தால் வாரிசுச் சான்று, எல்லா வாரிசுகளின் கையெழுத்து. மகள் ஒருவர் விடுபட்டிருப்பது மிகவும் சாதாரணம்.

வில்லங்கச் சான்றை குறைந்தது 30 ஆண்டுக்கு எடுங்க, பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். உங்கள் ஃபிளாட்டுக்கு மட்டும் எடுக்காமல் முழு சர்வே எண்ணுக்கும் எடுங்க. அந்த இடத்தில் எழுதப்பட்ட எல்லா யுடிஎஸ் பத்திரமும் வரிசையாக வரும். எல்லாவற்றையும் கூட்டி மொத்த நிலத்தோடு ஒப்பிடுங்க. கூட்டல் நிலத்தைத் தாண்டினால் நில்லுங்க.

வில்லங்கத்தில் வராதவையும் உண்டு. உயில், நீதிமன்ற வழக்கு, பதியாத கைச்சீட்டு இவை எதுவும் அதில் தெரியாது. வங்கியில் அசல் பத்திரத்தை வைத்து வாங்கிய கடனுக்குப் பதிவு இல்லாமல் போயிருக்கலாம். அதனால் அசலைக் கையில் வாங்கிப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீங்க. கலர் ஜெராக்ஸ் அசல் இல்லை.

திட்ட அனுமதி வரைபடம் கேளுங்க. 1998-ல் அம்பத்தூர் தனி நகராட்சி, 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதனால் பழைய அனுமதியில் நகராட்சி முத்திரை இருக்கும், அது சரிதான். வரைபடத்தில் எத்தனை தளம், எத்தனை வீடு என்று எண்ணுங்க.

வங்கி வக்கீல் பார்ப்பாரே என்று விட்டுவிடாதீங்க. அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்காக. உங்களுக்கு உங்கள் வக்கீல் தனியாக எழுத்தில் கருத்துத் தரணும்.

பார்த்துவாங்கு

எல்லாரும் பழையதைக் கண்டு பயமுறுத்துகிறீர்கள். யுடிஎஸ்ஸைப் பாருங்க. அம்பத்தூரில் 38 லட்சத்துக்கு 450 சதுர அடி நிலம், அதாவது நிலப்பங்கில் சதுர அடிக்கு சுமார் 8,450 ரூபாய். மாதவரத்தில் 46 லட்சத்துக்கு 310, சதுர அடிக்கு சுமார் 14,840. கட்டடம் வருஷத்துக்கு வருஷம் தேயும், நிலம் தேயாது. பழைய கட்டடங்களில் எஃப்எஸ்ஐ (மனை அளவைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு) 1.5, இப்போது 2. அதனால்தான் பழைய ஃபிளாட்டில் நிலம் அதிகம். என்னைக் கேட்டால் அம்பத்தூர்.

சங்கச்செயலாளர்

பார்த்துவாங்கு நண்பரே, கணக்கு சரி, ஆனால் அந்த நிலத்தைக் காசாக்கும் வழி என்ன? இடித்துக் கட்டினால்தான். 2022 தமிழ்நாடு அடுக்ககச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானம் செய்யலாம், முன்போல் ஒருவர் மறுத்தால் நின்றுபோகாது. ஆனால் கட்டுநர் வரணுமே? சின்ன மனையும் குறுகிய தெருவும் என்றால், இருக்கும் எட்டு பேருக்கும் வீடு கொடுத்துவிட்டு அவருக்கு விற்க எதுவும் மிஞ்சாது. மொத்த மனை எவ்வளவு, எதிரே தெரு எத்தனை அடி என்பதை வைத்துத்தான் யுடிஎஸ்ஸுக்கு மதிப்பு. எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம்.

கொரட்டூர்வாசி, சங்கம் இருக்கிறதா என்று கேளுங்க. எட்டு வீட்டில் பெரும்பாலும் பதிவு செய்த சங்கம் இருக்காது, ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதுவார். அந்த நோட்டை வாங்கிப் பாருங்க. மோட்டார் எத்தனை தடவை ரிப்பேர், கோடையில் லாரித் தண்ணீர் எத்தனை, கழிவுநீர் அடைப்பு எத்தனை தடவை எடுத்தார்கள் எல்லாம் அதில் இருக்கும். புரோக்கர் சொல்லாததை அந்த நோட்டு சொல்லும். கழிவுநீர் தெருவில் உள்ள வாரியக் குழாயோடு சேர்ந்திருக்கிறதா, இன்னும் செப்டிக் டேங்க்தானா என்பதையும் பாருங்க.

கொரட்டூர்வாசி

ரொம்ப நன்றி. அம்பத்தூர் காகிதங்களில் பார்த்தவை: மொத்த மனை 2,700 சதுர அடி, எதிரே 20 அடி தெரு. அனுமதி வரைபடத்தில் தரைத்தளம் + இரண்டு மாடி, ஆறு வீடு. மூன்றாம் மாடி ரெண்டு வீடும் வரைபடத்தில் இல்லை. வில்லங்கத்தில் ஆறு வீட்டுக்கும் தலா 450 யுடிஎஸ், 1998, 1999-ல் பதிந்தது. மூன்றாம் மாடி ரெண்டுக்கும் 2003-ல் தலா 225. விற்பவர் குவைத்தில் இருக்கிறார், தம்பிக்குப் பவர் கொடுத்திருக்கிறார். நான் பார்த்த வீடு அனுமதி உள்ள இரண்டாம் மாடிதானே, எனக்கு என்ன பாதிப்பு?

மூலப்பத்திரம்

கூட்டிப் பார்த்தீங்களா? ஆறு பெருக்கல் 450, 2,700. நிலம் 1999-லேயே முழுதாக விற்றுத் தீர்ந்தது. 2003-ல் எழுதிய 450 சதுர அடி எங்கே இருந்து வந்தது? இல்லாத நிலம். முந்திய பத்திரத்துக்குத்தான் முன்னுரிமை, அதனால் உங்கள் 450-க்கு உரிமை பலமாகவே இருக்கும். ஆனால் மேல்மாடி ரெண்டு பேரும் எங்களுக்கும் பங்கு உண்டு என்று பத்திரத்தோடு நிற்பார்கள். மறுகட்டுமானமோ இழப்பீடோ வரும் நாளில் முதலில் இந்த வழக்கு முடியணும்.

அனுமதி மீறல் உங்கள் மாடியில் இல்லைதான். அறிவிப்பு வருவது கட்டடத்துக்கு. சீல் வைத்தாலோ மேல்மாடியை இடித்தாலோ அதற்குக் கீழே நீங்கள். பல வங்கிகள் வரைபடத்துக்கும் கட்டடத்துக்கும் பொருந்தவில்லை என்றாலே கடன் மறுக்கும்.

குவைத் விஷயம் இன்னும் முக்கியம். வெளிநாட்டில் எழுதிய பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியிருக்கணும். விற்கவும் பணம் வாங்கவும் அதிகாரம் அதில் தெளிவாக எழுதியிருக்கணும், வாடகைக்கு விட மட்டும் எழுதிய பவரை வைத்து விற்க வருபவர்கள் உண்டு. விற்பவரிடமே வீடியோ அழைப்பில் பேசுங்க.

இஎம்ஐ_கணக்கு

வரியிலும் மாட்டிக்கொள்வீர்கள். உள்நாட்டில் வசிப்பவரிடம் 50 லட்சத்துக்குக் கீழ் வாங்கினால் டிடிஎஸ் (விலையிலேயே வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது) கிடையாது. விற்பவர் வரிச் சட்டப்படி வெளிநாட்டு வாசி என்றால் அந்த வரம்பே இல்லை, எவ்வளவு விலையானாலும் வாங்குபவர் பிடிக்கணும். நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 13. குறைந்த பிடித்தச் சான்றிதழை அவர் வருமான வரித்துறையிடம் வாங்கி வராவிட்டால் பொதுவாக முழு விலை மீதே பிடிப்பார்கள். 38 லட்சத்துக்கு 4.94 லட்சம். நீங்கள் பிடிக்காமல் முழுப் பணமும் கொடுத்துவிட்டால், துறை கேட்கப் போவது உங்களிடம். ஆடிட்டர் இல்லாமல் இதைச் செய்யாதீங்க.

பாதிப் பணம் ரொக்கமாகக் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்க. வீட்டுக்கான பணத்தில் 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கைமாறினால் அந்தப் பணத்தை வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். ஏமாந்தால் உங்களிடம் ஆதாரமும் இருக்காது. பத்திரத்தில் விலை குறைந்தால் கடனும் குறையும், உங்களைப் போல் 13 லட்சத்தில் நிற்பவர்களுக்கு அதுவே போதும் கவிழ்க்க.

கம்பிகட்டி

மூன்றாம் மாடி பின்னால் ஏற்றியது என்றால் என் பதில் ரெண்டு வார்த்தை. வேண்டாம் சார். ரெண்டு மாடிக்கு வடிவமைத்த தூணும் அஸ்திவாரமும் இன்னொரு தளத்தைச் சுமக்கிறது. அந்தக் கட்டடத்தின் கம்பி வரைபடம் யாரிடமும் இருக்காது. எந்த இன்ஜினியரும் வெளியிலிருந்து பார்த்து உறுதி எழுதித் தர முடியாது.

பார்த்துவாங்கு

20 அடி தெருவும் 2,700 மனையும் என்று தெரிந்தபிறகு நானும் என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பழையது எல்லாமே தவறு என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். 8,000, 10,000 சதுர அடி மனையில், 30 அடி தெருவில், வரைபடத்துக்குப் பொருந்தக் கட்டிய 25 வருஷ ஃபிளாட் கிடைத்தால் இந்த பட்ஜெட்டுக்கு அதைவிட நல்லது இல்லை. வீட்டு வசதி வாரியம் கட்டிய பழைய குடியிருப்புகளும் அந்த வகை. அதில் முதல் ஒதுக்கீட்டாளர் வாரியத்திடமிருந்து விற்பனைப் பத்திரம் வாங்கிவிட்டாரா என்று மட்டும் பார்க்கணும். ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் வைத்துக்கொண்டு விற்க வருவார்கள்.

வடபெரும்பாக்கத்தான்

மாதவரம் பற்றி யாரும் பேசவில்லை. அந்தப் பக்கம் ரெட்டேரியும் இருக்கிறது, வடபெரும்பாக்கம், மணலி வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகும் புழல் உபரிநீர்க் கால்வாயும் இருக்கிறது. தெருவுக்குத் தெரு மட்டம் மாறும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எங்கே வரை நின்றது என்று எதிரே உள்ள பழைய கடைக்காரரிடம் கேளுங்க, கட்டடத்தில் வேலை செய்பவரிடம் அல்ல. ஸ்டில்ட் தளம் (தூண்கள் மட்டும் நிற்கும் பார்க்கிங் தளம்) தெருவைவிட எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளங்க. சென்னையில் ரோடு மேல் ரோடு போட்டு உயர்த்துவார்கள், இன்று சமமாக இருக்கும் ஸ்டில்ட் பத்து வருஷத்தில் குளம். மின்சார மீட்டர் பெட்டியும் ஜெனரேட்டரும் எந்த உயரத்தில் வைக்கப் போகிறார்கள் என்பதையும் இப்போதே கேளுங்க.

நிலத்தடி நீரை ஒரு பாட்டிலில் எடுத்து உப்பு அளவு பார்த்துவிடுங்க. தெருவில் குடிநீர் வாரியக் குழாய் வந்துவிட்டதா, வரும் என்கிறார்களா, இந்த ரெண்டுக்கும் மாசச் செலவில் நல்ல வித்தியாசம் உண்டு.

மூலப்பத்திரம்

ரெரா எண் இருக்கிறது என்றால் பாதி வேலை சுலபம், முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆணையத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு மூன்றை ஒப்பிடுங்க: அனுமதித்த வீடுகளின் எண்ணிக்கை, உங்கள் வீட்டின் கார்ப்பெட் அளவு, முடிக்கும் தேதி. விளம்பரத் தாளில் இருப்பது உறுதிமொழி இல்லை, அங்கே பதிவேற்றியிருப்பதுதான்.

விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க வேண்டுமானால் அதற்கு முன் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிந்திருக்கணும், இது ரெரா சட்டத்தின் 13-ஆம் பிரிவு. 45 லட்சத்துக்கு 4.5 லட்சம். பத்து லட்சம் புக்கிங் கட்டினால் தள்ளுபடி என்றால் ஒப்புக்கொள்ளாதீங்க.

கட்டுமானக் கடனுக்கு அந்த நிலம் ஏதாவது வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா கேளுங்க. இருந்தால் தவறில்லை, பெரும்பாலும் இருக்கும். ஆனால் உங்கள் வீட்டு எண்ணைக் குறிப்பிட்டு அந்த வங்கி ஆட்சேபனை இல்லை என்று கடிதம் தரணும்.

பார்க்கிங் திறந்தவெளியா, ஸ்டில்ட்டா? திறந்தவெளி என்றால் அது பொதுப்பகுதி, தனியாக விலை வைத்து விற்க இடமில்லை. அந்த 2.5 லட்சத்தைக் குறைக்க இதுவே உங்கள் பிடி.

கொரட்டூர்வாசி

அம்பத்தூரை விட்டுவிட்டோம். மாதவரத்தில் பார்க்கிங் திறந்தவெளிதான். ஜிஎஸ்டி கணக்கையும் காட்டிப் பேசியதில் எல்லாம் சேர்த்து 45 லட்சத்துக்கு வாய்மொழியாக ஒப்புக்கொண்டார்கள். மின்வாரிய, குடிநீர் இணைப்புக் கட்டணமும் பராமரிப்பு வைப்புத்தொகையும் பிறகு தனி என்கிறார்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுத வைக்க வேண்டும்? பத்திரம் மனைவி பெயரில் இருந்தால் குறையுமா?

மூலப்பத்திரம்

பிறகு தனி என்ற சொல்லை விடாதீங்க, இன்றே எண்ணாக எழுத வையுங்க. மின்சாரம், குடிநீர், கழிவுநீர், சங்க வைப்புத்தொகை, முதல் வருஷப் பராமரிப்பு ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று இணைப்பாகச் சேர்க்கணும். இந்தக் கட்டணங்கள் எந்தப் பெயரில், எப்போது வாங்கப்படுகின்றன என்பதைப் பொறுத்து 45 லட்ச வரம்பு உடையலாம், ஆடிட்டரிடம் அந்த இணைப்பைக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்க.

கார்ப்பெட் 610 என்று ஒப்பந்தத்தில் இருக்கணும், சூப்பர் பில்ட்-அப்பை மட்டும் எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்க. யுடிஎஸ் 310 சதுர அடி, மொத்த நிலம் எத்தனை சதுர அடியில் என்பதும் சேர்ந்து வரணும். ஒப்படைப்புத் தேதி ரெராவில் இருக்கும் தேதியாகவே இருக்கட்டும். தவணைகள் மாசக் கணக்கில் இல்லாமல் வேலை முடிந்த கட்டத்தோடு இணைந்திருக்கணும்: ஸ்லாப், செங்கல் சுவர், பூச்சு, தரை, கடைசி 5 சதவீதமாவது நிறைவுச் சான்று வாங்கி சாவி தரும்போது. வங்கி கடன் மறுத்தால் முன்பணம் எவ்வளவு நாளில் திரும்பும் என்ற வரியும் வேண்டும், மாதிரி ஒப்பந்தத்தில் அது பெரும்பாலும் இருக்காது.

ரெரா சட்டப்படி ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் 30 நாளில் அவர் செலவில் சரிசெய்யணும். இதைக் குறைத்து ஒரு வருஷம் என்று ஒப்பந்தத்தில் நுழைத்திருப்பார்கள், தேடிப் பாருங்க.

பெண்கள் பெயருக்கான ஒரு சதவீதப் பதிவுச் சலுகை 2025 ஏப்ரலில் வந்தது, 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்குத்தான். உங்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் இருவர் சம்பளத்தில் கடன் என்பதால் இருவர் பெயரிலும் பதிவது நல்லது.

இஎம்ஐ_கணக்கு

படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: வீட்டு விலை 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், நாட்டில் எங்கும் சொந்தப் பக்கா வீடு இல்லை என்றால் பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2.0-ல் வட்டி மானியம் அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து ஆண்டுத் தவணையாகக் கடன் கணக்கில் வரும். கொரட்டூர்வாசிக்கு விலையும் வருமானமும் தாண்டுகிறது.

கொரட்டூர்வாசி, உங்களுக்குக் கடினமான காலம் சாவி வரும் வரை. கடனில் 60 சதவீதம், அதாவது 21.6 லட்சம், வங்கி விடுவித்த நிலையில் வட்டி மட்டும் மாசம் 15,300. கூடவே வாடகை 14,000. 78,000-ல் இது தாங்கும், ஒரு சம்பளம் நின்றால் தாங்காது. 12.15 லட்சம் போனால் கையில் 85,000 தான் மிஞ்சும், அதில்தான் இணைப்புக் கட்டணமும். வங்கியிடம் 90 சதவீதம் கேட்க முடியாது, அது 30 லட்சம் வரையிலான கடனுக்கு. அதனால் மர வேலை, மாடுலர் கிச்சன் எதையும் இப்போது ஒப்புக்கொள்ளாதீங்க. கட்டுநரிடம் முதல் தவணைத் தேதியை மூன்று மாசம் தள்ளிக் கேளுங்க, அந்த மூன்று மாசச் சேமிப்பு தனிக் கணக்கில் நிற்கட்டும்.

சங்கச்செயலாளர்

சாவி வாங்கும் அன்று நிறைவுச் சான்றின் நகல் இல்லாமல் கையெழுத்துப் போடாதீங்க. சிறிய கட்டடங்கள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு, 36 வீட்டுக்கு கிடையாது. அது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு வராது, கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே ஓட்டுவார்கள், கட்டணம் அதிகம், பிரித்துக் கட்டுவது உங்கள் 36 பேர் தலையில். கழிவறைகளில் வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விட்டுக் கீழ் வீட்டுக் கூரையைப் பாருங்க. குறைப் பட்டியலை எழுதி, கட்டுநர் தரப்பில் ஒருவர் தேதியோடு கையெழுத்திட்டு ஒரு பிரதி உங்களிடம் இருக்கணும். சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர் வரி மூன்றுக்கும் பெயர் மாற்ற விண்ணப்பத்தைப் பத்திரம் கைக்கு வந்த அந்த வாரமே போட்டுவிடுங்க.